கோட்டோரம் முளைத்த கிருமி

இதய டாக்டர் வைகுண்டராமன் நடந்து வந்தால் ஆஸ்பத்திரியே ஒதுங்கி நிற்கும். லேப் டெக்னீஷியன் செண்பகவல்லி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தறி நெய்கிற இசக்கிமுத்துவுக்கு ஒரு மாதமாகக் காய்ச்சல். இதயத்தின் உட்சவ்வில் ஏதோ கிருமி. எதுவென்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்கலாம். அவர் ரத்தத்தில் கிருமி இருப்பது மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. கிருமி வளர்க்கும் சத்துக்கூழ்த் தட்டில் தடவி வளர்த்தால் ஒன்றும் முளைக்கவில்லை.

"ஒரு கிருமியை வளர்க்கத் துப்பில்ல, உனக்கு எதுக்கு லேப்? நாளைக்குள்ள வளர்த்துக் காட்டு. இல்லேன்னா வேற வேலை பாரு!" என்று டாக்டர் குதித்தார்.

"ஆகட்டும் சார்" என்றாள்.

புதுத் தட்டில் இசக்கிமுத்துவின் ரத்தக் கிருமியைத் தடவி, குறுக்கே வேறொரு கிருமியால் ஒரே ஒரு கோடு இழுத்தாள். மறுநாள் கோட்டின் இரு ஓரமும் ஊசிமுனைப் புள்ளிகள் முளைத்திருந்தன. கிருமி பிடிபட்டது, மருந்து மாறியது, இசக்கிமுத்துவின் காய்ச்சல் இறங்கியது.

அடுத்த வாரக் கூட்டத்தில் டாக்டர் அந்தத் தட்டின் படத்தைத் திரையில் போட்டு, "நான் வளர்த்துக் கண்டுபிடிச்சது" என்றார்.

"குறுக்கே அந்தக் கோடு எதுக்கு?" என்று கேட்டார் டீன் அம்மா.

டாக்டர் அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவப் பார்த்தார். கடைசி வரிசையில் செண்பகவல்லி எழுந்தாள்.

"அது வேற கிருமி மேடம். அது வெளியே விடுற சத்தைத் தின்னுதான் ஓரத்துல இருக்கிற இந்தக் கிருமி வளரும். சொந்தமா வளரத் தெரியாது. ஆனா பேரு மட்டும் இதுக்குத்தான்."

கூடமே சிரித்தது. டீன் பேனாவை எடுத்தார்.

"கோடு போட்டது யாரு?"

செண்பகவல்லி தன் பெயரை இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.