முதல் பிடி மண்

சாலேம்விளை ஆலயத்தில் விடியுமுன் மணியடிப்பவரும், முற்றம் பெருக்குபவரும், ஊரில் யார் கண்மூடினாலும் குழி வெட்டுபவரும் ஒருவரே. சுவிசேஷமுத்து என்பது அவர் பெயர். மண்வெட்டியைத் தொடுமுன் முழங்காலிட்டு, "அப்பா, உம்ம பிள்ள வந்திருக்கேன்" என்பார். அதற்கு மேல் அவருக்கு ஜெபம் வராது. மணிக்கணக்காக ஜெபிக்கிற நம்மை நினைத்தால், அந்த ஒற்றை வரிமேல் எனக்குப் பொறாமைதான் வருகிறது.

பஞ்ச காலத்தில் ஆலயப் படியில் கிடந்த கைக்குழந்தை அவர். எடுத்து வளர்த்த மாசிலாமணி உபதேசியார், தம் மகன் தங்கையாவோடு ஒரே தட்டில் சோறூட்டினார். "எனக்கு அப்பா யாரு?" என்று பிள்ளை அழுத நாளில், "பரலோகத்துல இருக்கவருக்கு நீ பிள்ளடா. அவரு வீட்டுல உனக்கும் பங்கு உண்டுன்னு வாக்கு குடுத்திருக்காரு" என்றார். பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டது. சொன்ன சொல்லே போதுமென்றிருந்த அந்தக் காலம் இனி வருமா!

உபதேசியார் இறந்தபோதும் சுவிசேஷமுத்துவே குழி வெட்டினார். தேரி எனும் அவ்வூர்ச் செம்மணல் வெட்ட வெட்டச் சரியும். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்தால்தான் நிற்கும். அழுதுகொண்டே சுமந்து ஊற்றினார். அவ்வூரில் முதல் பிடி மண் போடுவது இரத்த உறவின் உரிமை. அவரும் குனிந்து ஒரு பிடி அள்ளினார். தங்கையா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"வெட்ட வந்தவன் வெட்டிட்டுப் போ. இன்னைக்கு மண்ணு போடுவ, நாளைக்கு எங்க விளை நிலத்துல பங்கு கேப்ப."

"எனக்கு விளை வேண்டாம்ணே. அப்பா எனக்குப் பங்கு வச்சிருக்காரு" என்று அவர் விலகி நின்றார்.

அன்றிலிருந்து ஊர் அவருக்குப் 'பரலோகப் பண்ணையார்' என்று பட்டம் கட்டியது. "பண்ணையாரே, மேல எத்தன ஏக்கரு?" என்று கேட்டால், "உங்களுக்கும் சேத்துதான் இருக்கு" என்று சிரிப்பார்.

காலம் உருண்டது. தங்கையாவின் மக்கள் விளையை விற்றுப் பிரித்துக்கொண்டு பட்டணம் போனார்கள். படுக்கையில் கிடந்த தங்கையாவுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டியவர் சுவிசேஷமுத்து. பழைய பேச்சை அவர் எடுக்கவேயில்லை. தங்கையா தேறி எழுந்தார், இவர் படுத்தார். ஒரு கோடைநாள் மாலை வாசலைப் பார்த்து, "அப்பா, உம்ம பிள்ள வந்திருக்கேன்" என்றார். மூச்சு அடங்கியது.

மறுநாள் குழி வெட்டக் குடங்களோடு போனவர்கள் திகைத்து நின்றார்கள். காலமில்லாக் காலத்தில் மழை பெய்து, கல்லறைத் தோட்டம் முழுவதும் நனைந்து கிடந்தது. அவருக்காக யாரும் ஒரு குடம் தண்ணீர்கூடச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியைக் குழியில் இறக்கியதும், "உறவுக்காரங்க யாராவது உண்டுமா?" என்று சபைப் போதகரான ஐயர் கேட்டார். யாரும் முன்வராமல் ஐயரே மண்ணள்ளக் குனிந்தபோது, கம்பை ஊன்றிக்கொண்டு தங்கையா முன்னால் வந்தார்.

"பொறுங்க ஐயரே. கூடப்பொறந்தவன் நான் இருக்கேன்."

ஈர மண்ணில் முழங்காலிட்டு, முதல் பிடியைப் போட்டார்.

பங்கு கேளாமல் விலகி நின்று, வாக்குத்தத்தம் ஒன்றையே சொத்தாகக் கொண்டு வாழ்ந்த அந்தப் பரலோக வாரிசின், வேதம் சொல்லும் சுதந்தரவாளியின் நினைவு வாழ்க.