அந்துப்பூச்சியின் வாய் போன கதை

பூச்சிகளும் மனிதர்களும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், லண்டன் நகரத்தில் பெண்களுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் கதை இருக்கும், சமையல் இருக்கும். ஆனால் எல்லாரும் முதலில் புரட்டுவது துணி ஒட்டிய பக்கத்தைத்தான். புதிதாக வந்த துணியில் சின்னத் துண்டு வெட்டி, ஒவ்வொரு பிரதியிலும் நிஜத் துணியையே ஒட்டி அனுப்புவார்கள். தொலைதூரத்துப் பெண்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு எழுதிப் போடுவார்கள்.

ஒட்டுகிறவள் பெயர் ஹேரியட். அவளுக்குக் கூட்டாளி ஓர் அந்துப்பூச்சி. கம்பளியில் பருத்தி கலந்திருந்தால், ஒரு நூலைச் சுவைத்தே சொல்லிவிடும். அது "சுத்தக் கம்பளி" என்ற பிறகுதான் ஹேரியட் பசையைத் தொடுவாள்.

ஒருநாள் அவள் ஒரு வாசகியின் கடிதத்தை உரக்கப் படித்தாள். 'அந்தக் கம்பளித் துண்டைக் கன்னத்தில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.'

அந்துப்பூச்சிக்கு வயிறு எரிந்தது. ஆட்டின் முதுகில் கிடந்த ரோமத்துக்கு இத்தனை சீராட்டா! பொன்னிறச் சிறகோடு நான் ஒருத்தி இங்கே இருக்கிறேனே!

"அக்கா, அடுத்த மாதம் என் சிறகை ஒட்டு."

ஹேரியட் சிரித்துவிட்டாள். "உன் சிறகைத் தொட்டால் தூளாகக் கொட்டுமேடி! இது தடவிப் பார்க்கிற பக்கம். உன் சொல்லை நம்பித்தானே இந்தப் பக்கமே நடக்கிறது, அது போதாதா?"

போதவில்லை. பொறாமையில் வெந்துகொண்டிருப்பவர்கள் முன்னால் சிரிக்கவே கூடாது.

அடுத்த மாதப் பிரதிகள் பசை காய அடுக்கியிருந்தபோது, அந்துப்பூச்சி உள்ளே புகுந்தது. ஒன்று விடாமல் எல்லாக் கம்பளித் துண்டிலும் நட்டநடுவில் ஓட்டை போட்டது. கவனிக்காமல் கட்டித் தபாலில் அனுப்பிவிட்டார்கள். வாரம் திரும்புவதற்குள் கோபக் கடிதங்கள் குவிந்தன.

பத்திரிகை ஆசிரியர் வந்து நின்றார். "ஒட்டியது நீதானே, ஹேரியட்? யார் செய்தது என்று சொல். இல்லையென்றால் வேலையை விட்டுப் போ."

ஹேரியட் அந்துப்பூச்சியைப் பார்த்தாள். "நீ இங்கேயேதானே இருந்தாய்? உனக்குத் தெரிந்ததைச் சொல்லம்மா."

"ஒட்டிய பிறகு நான் அதில் வாயே வைக்கவில்லை, அக்கா!"

சொல்லி முடித்ததுதான் தாமதம், அதன் வாய் சுருங்கி, மூடி, இருந்த இடமே தெரியாமல் போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. சொல்ல ஒரு பெயரும் கிடைக்காத ஹேரியட் மேலங்கியை மாட்டிக்கொண்டு, பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான்தான் செய்தேன் என்று கத்த நினைத்தது அந்துப்பூச்சி. முடியவில்லை. அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்துதான் வளர்ந்த துணி அந்துப்பூச்சிக்குத் தின்ன வாய் கிடையாது. அதன் பொறாமை மட்டும் பிள்ளைகளான புழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் பெட்டிக்குள் கம்பளியை ஓட்டை போடுவது அந்தப் புழுக்கள்தான். தாய் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.