தொட்டியைத் தள்ளிய தண்ணீர்

அந்தக் காலத்தில் தண்ணீருக்கும் வாய் இருந்தது. ஆனால் மிதப்பது என்ற ஒன்று மட்டும் கிடையாது. கட்டையைப் போட்டாலும் சரி, காய்ந்த சுரைக்குடுவையைப் போட்டாலும் சரி, நேரே அடிமண்ணுக்குத்தான். "என்னிடம் வந்ததெல்லாம் எனக்கே" என்பாள் கடல். அப்படியொரு பிடிவாதக்காரி!

கரையில் முத்துப்பேச்சி என்றொருத்தி இருந்தாள். மணல்திட்டு வழியாக நடந்துபோய், எதிர்த் தீவில் மகள் சொர்ணத்தைக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஐப்பசி மழையில் திட்டு கரைந்துபோனது. இப்போது சொர்ணத்துக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையென்றால் பெற்றவளுக்குச் சோறு இறங்குமா? முத்துப்பேச்சி அழுது தீர்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் மரத்தொட்டியைக் கடலில் இறக்கினாள்.

தொட்டி மளமளவென்று தாழ்ந்தது. அங்கிருந்த தண்ணீரோ அலறியடித்து அவள் காலடிக்கு ஓடிவந்தது.

"ஆத்தா, இது நியாயமா? எங்கள் இடத்தில் உன் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டதே!"

"போன இடம் அழுதால் கிடைக்குமா? அடியில் போய் முட்டித் தள்ளுங்கள்!"

"கடலம்மா வைவாளே?"

"வைதால் நான் பார்த்துக்கொள்கிறேன். போங்கள்!"

இதுவரை யாரும் தண்ணீருக்கு இப்படிச் சொன்னதில்லை. அது தொட்டியின் அடிக்குப் பாய்ந்தது. ஆழத்துத் தண்ணீர் மேல்தண்ணீரின் பாரத்தையெல்லாம் தலையில் சுமப்பது; அதன் முட்டுக்குக் கேட்க வேண்டுமா! விளிம்பு மூழ்கும் நேரத்தில் தொட்டி நின்றது. மெல்ல எழும்பியது.

கடலுக்கு வந்ததே கோபம்! ஒரு பாறாங்கல்லை உருட்டிவிட்டு, "எங்கே, இதையும் தூக்குங்கள் பார்ப்போம்" என்றாள்.

"கல் பிடித்தது ஒரு குடத் தண்ணீரின் இடம். ஒரு குடத்தின் பலம்தானே எங்களுக்கு?" என்று தண்ணீர் உள்ளதைச் சொன்னது. கல்லின் பாரமோ அதைவிடப் பெரிது; மூழ்கியது.

"சரி, அதுவாவது எனக்கு மிஞ்சட்டும்" என்று கடல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முத்துப்பேச்சி தொட்டியில் ஏறி உட்கார்ந்து, களி கிண்டும் துடுப்பால் தள்ளித் தள்ளித் தீவுக்குப் போனாள். சொர்ணத்துக்கு ஏறப் பயம்.

"அம்மா, உன் ஒருத்திக்கே இப்படித் தாழ்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு நானும் ஏறினால்?"

"ஏறு தாயீ" என்றது தண்ணீர். "தொட்டி தாழத் தாழ எங்களில் இன்னும் பலருக்கு இடம் போகும். அத்தனை பேரும் சேர்ந்து தள்ளுவோம்."

சொர்ணம் ஏறினாள். தொட்டி ஒரு சாண் தாழ்ந்து, நின்றது. பொழுது சாய்வதற்குள் தாய்வீட்டில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

அன்று தொடங்கியதுதான், இடம் போன தண்ணீரெல்லாம் ஒன்றுகூடி, வந்து உட்கார்ந்ததைத் தூக்குவது. பிள்ளைத்தாய்ச்சி தோணியில் கால் வைத்தால், இன்றைக்கும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஆள் சேர்த்துக்கொள்கிறது.