பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ்

தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது. அதற்குமுன் வழக்கைக் கேளுங்கள்.

தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுபவர் இன்னாசி. மூன்றாம் தரம் சொல்லி அவர் கையைத் தட்டிவிட்டால், பிறகு யார் எதைக் கொட்டிக் கொடுத்தாலும் விலை மாறாது. அவருடைய மகள் ஜெனோவா, நார்வேயில் வேலை பார்க்கும் வேற்று மதத்துக் கதிரவேலைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"கட்டிக்கோ. ஆனா இந்தக் கல்யாணத்துக்கு என் கையெழுத்து விழாது" என்று ஏலக்கூடத்தில் நாலு பேர் அறியச் சொல்லிவிட்டார் இன்னாசி. சொன்னபடியே பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. அதற்காக மகளை வெறுத்துவிடவும் இல்லை. கதிரவேல் நார்வேக்கு வேலைக்குத் திரும்பியபின் அவள் பிறந்த வீட்டில்தான் இருந்தாள். அவளுக்குப் பிடித்த சீலா மீன் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. மருமகன் பேச்சு மட்டும் அந்த வீட்டில் எழவில்லை.

கணவனிடம் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்குச் சான்றிதழ்கள் வேண்டும். திருமணச் சான்றிதழ் கையிலேயே இருந்தது. காவல்துறைச் சான்றிதழை அலைந்து திரிந்து வாங்கினாள். எளிதென்று நினைத்த பிறப்புச் சான்றிதழ்தான் காலை வாரிவிட்டது. தந்தை இன்னாசி, தாய் லூர்தம்மாள், பெண் குழந்தை என்று இருந்ததே தவிர, குழந்தையின் பெயர் இல்லை! கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்த இன்னாசி, அதை அலுவலகத்தில் பதிய மறந்துபோயிருந்தார். பள்ளிச் சான்றிதழை வைத்தே பாஸ்போர்ட் வரை வந்துவிட்டதால், யாரும் அதைக் கவனிக்கவில்லை. இப்போது பெயர் சேர்க்க வேண்டுமென்றால் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்டாக வேண்டும்.

அண்ணன் ரொசாரி ஒரு வழி சொன்னான். "அப்பா கையெழுத்து எனக்கு அச்சா வரும். நான் போட்டுர்றேன். அவர் வாக்கும் கெடாது, உன் காரியமும் முடியும்."

லூர்தம்மாள் பதறினாள். "கள்ளக் கையெழுத்தெல்லாம் வேண்டாம்ல. ரேஷன் கார்டுக்குன்னு சொல்லி நான் வாங்கித் தாரேன். தெரியாமப் போட்டா வாக்குத் தவறுனதா ஆவாது."

இரண்டு வழிகளும் சுலபமானவை. யார் மனமும் நோகாது. ஆனாலும் ஜெனோவாவுக்கு மனம் ஒப்பவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் விண்ணப்பத்தை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"யப்பா, இது நார்வே விசாவுக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஆவும். முடியாதுன்னா சொல்லிருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்." சொல்லிவிட்டுப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து நீட்டினாள்.

இன்னாசி சான்றிதழை வெகுநேரம் பார்த்தார். "ஏட்டி, உன் பேரே இதுல இல்லையா?" என்றார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

செய்தி ஏலக்கூடத்துக்குப் பரவியது. "என்ன இன்னாசி, மூணாந்தரம் சொன்ன பிறகு விலையை மாத்திட்டீரே!" என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டார். விசாவும் வந்தது, ஜெனோவா விமானம் ஏறினாள். 'என் பேச்சைக் கேட்டிருந்தால் அப்பாவுக்கு இந்தக் கேலி உண்டா?' என்று ரொசாரி கேட்டான். லூர்தம்மாளும் அதையே கேட்டாள்.

இன்னாசி வாக்குத் தவறினாரா? மகன், மனைவி, மகள் மூவரில் யார் வழி சரி?

விடை: இன்னாசி வாக்குத் தவறவில்லை. அவர் மறுத்தது கல்யாணத்துக்கான கையெழுத்தை. மகளின் பெயரைப் பதிவது அவள் பிறந்த அன்றே அவர் தலையில் விழுந்த கடமை; பின்னால் போட்ட சபதம் முன்னால் இருந்த கடமையை அழிக்காது. ரொசாரியின் வழி களவு. லூர்தம்மாளின் வழியில் கை அவருடையதாக இருக்கும், மனம் அவருடையதாக இராது. மறுக்கவும் இடம் விட்டுக் கேட்டவள் ஜெனோவா ஒருத்திதான். அவள் வழியே சரி. இதை ஒப்பாதவர்கள் ஏலக்கூடத்தில் இன்னும் உண்டு. அவர்களோடு வாதாட இன்னாசிக்கு நேரமில்லை. அந்த ஊர்க் குளிருக்கு மகள் என்னத்தைப் போர்த்திக்கொள்கிறாளோ என்பதுதான் அவருடைய இப்போதைய கவலை.