தலையணையோடு வந்தவர்

"சாமி, எனக்குத் துறவு வேணும்."

சிற்றாற்றங்கரை மடத்து வாசலில் சிவசைலம் நின்றார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். கனத்த உடம்பு. கக்கத்தில் ஒரு தலையணை.

சாமி அவரைவிட வயதில் இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதைத் துறக்கப் போறீங்க, அண்ணாச்சி?"

"மெத்தையை."

சாமி நிமிர்ந்தார்.

"பிறகு தலையணை எதுக்கு?"

"அவதான் கையில குடுத்து அனுப்பிச்சா."

அவள் என்றால் குழல்வாய்மொழி. மனைவி.

விஷயம் இதுதான். ஆயுசெல்லாம் ஸ்டியரிங் பிடித்ததில் சிவசைலத்துக்கு முதுகு போய்விட்டது. கெட்டியான மெத்தையில் படுக்கச் சொன்னார் டாக்டர். குழல்வாய்மொழிக்கு இடுப்பெலும்பில் தேய்மானம். மெத்தென்று இருந்தால்தான் ஒருக்களித்துப் படுக்க முடியும். கட்டில் ஒன்று. ஆள் இரண்டு.

கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கழித்துவிட்டுத் தேங்காய்நார் மெத்தை வாங்கினார்கள். இவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். அவள் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதை மச்சினன் தலையில் கட்டிவிட்டு ஸ்பாஞ்சு மெத்தை வாங்கினார்கள். சீக்கிரமே இவர் பக்கம் பள்ளம் விழுந்தது. எழுந்திருக்க ஆள் தேவைப்பட்டது.

மூன்றாவது மெத்தைக்குப் பேச்செடுத்ததும் சண்டை. அவள் கூடத்தில் பாய் விரித்துவிட்டாள். பாயில் படுத்தால் இடுப்பு என்ன ஆகும் என்று இவர் கத்தினார். அவள் கேட்கவில்லை. அப்படியானால் நான் மடத்துக்கே போய்விடுகிறேன் என்றார். அவள் தடுக்கவில்லை. உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தாள். இது இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராது என்றாளாம்.

"அதைத்தான் சாமி தாங்க முடியலை" என்றார் சிவசைலம்.

சாமி ஒரு தண்டை ஒடித்தார்.

"மெத்தையை எப்படிப் பார்த்து வாங்குனீங்க?"

"கையால அமுக்கிப் பார்த்தேன்."

"அவுக?"

"அவளும் அமுக்கிப் பார்த்தா. நல்லாத்தான் இருக்குன்னா. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னா."

"படுத்துப் பார்க்கலையா?"

சிவசைலத்துக்குக் கோபம் வந்தது.

"கடையில பொம்பளை எப்படி சாமி படுப்பா? நாலு பேரு நிக்கிற இடம்."

"நீங்க?"

"அவ நிக்கையில நான் மட்டும் படுக்கவா?" அதோடு விடவில்லை. "பாயில படுக்கிற உங்களுக்கு மெத்தையைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. காப்பி குடிக்கீங்களா?"

சாமி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். டம்ளரின் வெளிப்பக்கத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சர்க்கரை சரியா இருக்கு. குடிங்க."

சிவசைலம் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. சர்க்கரையே இல்லை.

"தொட்டுப் பார்த்தேனே. நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் சாமி.

சிவசைலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"துறவு தாரேன்" என்றார் சாமி. "அதுக்கு முன்னால ஒரு வேலை. வீட்டுக்குப் போயி, கட்டில்ல அவுக படுக்கிற பக்கம் படுங்க. இன்னைக்கு மத்தியானமே."

"பள்ளம் என் பக்கம் சாமி. அவ பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"எப்படித் தெரியும்?"



சாமி தலையணையை வாங்கிப் பாய்மேல் போட்டார்.

"இது இங்கேயே கிடக்கட்டும்."

*

மத்தியானம். அடுக்களையில் குழல்வாய்மொழி குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். வந்தவரை ஏனென்று கேட்கவில்லை.

சிவசைலம் அவள் பக்கம் படுத்தார். வலது ஓரம்.

படுத்ததும் உடம்பு சரிந்தது. இடது பக்கம் அவருடைய பள்ளம் இழுத்தது. நகர்ந்து ஓரத்துக்கு வந்தார். மறுபடி சரிந்தது. ஆள் இல்லாத பள்ளமே இப்படி இழுக்கிறது. அதில் தன் கனமும் கிடந்தால் எப்படி இழுக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

விழாமல் இருக்க வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தார்.

பிடித்த இடம் வழவழவென்று இருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் சீரில் வந்த தேக்குக் கட்டில்தான். சட்டம் முழுக்க மெருகு அப்படியே இருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு மரம் வெளுத்து, லேசாகக் குழிந்திருந்தது.

ஸ்பாஞ்சு மெத்தை வந்த பிறகு தேய்ந்ததல்ல. இலவம்பஞ்சுக் காலத்திலிருந்து தேய்ந்தது.

வாசற்படியில் கரண்டியோடு குழல்வாய்மொழி நின்றாள்.

"என்ன செய்யுதிய?"

"ஏளா, இதைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குவியா?"

அவள் சட்டத்தைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"பிடிக்கலைன்னா உங்க மேல வந்து விழணும். ராவெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்து தூங்குத ஆளு. எழுப்பவா முடியும்?"

"வண்டியை விட்டு எம்புட்டு நாளாச்சு."

"பிடிச்ச கை விட்டாத்தானே" என்றாள். குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டு உள்ளே போனாள்.

சிவசைலம் எழுந்திருக்கவில்லை. சட்டத்தை விடவும் இல்லை.

*

மறுநாள் தென்காசியில் மெத்தைக் கடை. நல்ல கூட்டம். குழல்வாய்மொழி வழக்கம்போல் உள்ளங்கையால் ஒரு மெத்தையை அமுக்கினாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வாய் திறந்தாள்.

சிவசைலம் செருப்பைக் கழற்றினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அந்த மெத்தையில் நீட்டிப் படுத்துவிட்டார்.

கடை திரும்பிப் பார்த்தது. ஒருத்தன், அண்ணாச்சிக்கு மயக்கமா, தண்ணி கொண்டு வரவா என்று ஓடி வந்தான்.

"எந்திரிங்க. மானம் போகுது" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"படுளா."

"சும்மா இருங்க."

"இம்மாம் பெரிய உடம்பு கிடக்கு. பார்க்கிறவன் என்னைப் பார்ப்பானா, உன்னைப் பார்ப்பானா?"

அவள் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். பக்கத்து மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள், ஒருக்களித்து, சுவரைப் பார்த்தபடி.

ஒரு தடவை புரண்டு பார்த்தாள்.

"இது வேண்டாம்" என்றாள்.

சிவசைலம் கூரையைப் பார்த்துச் சிரித்தார். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் இதுவரை கேட்டதில்லை.

அடுத்ததும் வேண்டாம் என்றாள். அதற்கடுத்ததும். கடையில் இருந்த இன்னொரு பெண் கிட்டே வந்து, அக்கா, அந்த ஓரத்தில் கிடப்பது எப்படி என்று விசாரித்தாள். படுத்துப் பாரும்மா, கையால அமுக்கினால் தெரியாது என்றாள் குழல்வாய்மொழி. அந்தப் பெண்ணும் செருப்பைக் கழற்றினாள்.

கடைசியில் இரண்டு மெத்தை எடுத்தார்கள். அவருக்குக் கெட்டி. அவளுக்கு மெத்தென்று. ஒரே உயரம், ஒரே கட்டிலுக்கு. கடைக்காரர் நேர்மையானவர். இரண்டு மெத்தை போட்டால் நடுவில் இடுக்கு விழும் என்று எச்சரித்தார்.

"விழட்டும்" என்றாள்.

*

சில நாள் கழித்து சிவசைலம் மடத்துக்கு வந்தார். நிமிர்ந்து நடந்து வந்தார்.

சாமி அந்தத் தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தார்.

"துறவா?" என்றார் சாமி, எழுந்திருக்காமலே.

"தலையணை."

சாமி எழுந்து உட்கார்ந்தார். சிவசைலம் கட்டில் சட்டம் தேய்ந்திருந்ததையும் கடையில் படுத்துப் பார்த்ததையும் சொன்னார்.

"அவுகளுக்கு இடுப்பு?"

"தேவலை. சுவரைப் பிடிக்காம நடக்கா."

"சரிவு?"

"இல்லை. அவ மெத்தை தனி. நான் புரண்டாக்கூட அவளுக்குத் தெரியாது."

"அப்போ கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியதில்லை."

"இல்லை சாமி."

"ஆனா பிடிச்சுப் பழகின கையாச்சே, அண்ணாச்சி. இப்போ எதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குதாக?"

சிவசைலம் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சாமி தலையணையைத் தூக்கி வீசினார்.

அவர் இடது கையாலேயே பிடித்தார்.