கல்லறையில் இருந்தவர்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயராவதற்கு முன்பு சூசைநாதர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர். மனித எலும்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் தேடி வந்தார்கள். நாற்பது வயதில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பாதிரியாராவதற்குக் குருமடத்தில் போய்ச் சேர்ந்தார். நல்ல மூளை வீணாகப் போயிற்று என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படி முழங்கால் போடப் போகிறான் என்று குருமடத்தில் சந்தேகப்பட்டார்கள்.

அவரிடம் எலும்பு படித்த அடைக்கலமும் சில வருடம் கழித்து அவர் பின்னாலேயே வந்து குருவானார். ஊர் முன்னால், ஆயரைக் கூப்பிடும் முறைப்படி "ஆண்டவரே" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். தனியாக இருந்தால் பழைய வாய், "சார்" என்றுதான் வரும்.

ஒருநாள் காரில் போகும்போது அடைக்கலம் கேட்டார்.

"சார், அந்தப் படிப்பு இந்த வேலைக்கு எதுக்காவது உதவியிருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல. உதவுற அன்னைக்குச் சொல்றேன்" என்றார் ஆயர்.

அந்த நாள் கள்ளியோடையில் வந்தது.

கள்ளியோடைக் கோயிலைக் கட்டிய குருவை அந்த ஊர் பெரிய சாமி என்றுதான் சொல்லும். காலராக் காலத்தில் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கி, கடைசியில் தானும் அதிலேயே போனவர். தனக்கென்று கல்லறை வேண்டாம், செத்த சனத்தோடு சனமாகக் கிடத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். அப்படியே செய்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வயசாளிகள் கைகாட்டிய இடத்தில் ஒரு கல்லறை எழுப்பினார்கள்.

அடைக்கலம் பிறந்ததும் அந்த ஊரில்தான். அவருடைய அம்மா உப்பளத்தில் தலைச்சுமை தூக்கியவள். காய்ச்சலில் கண் சொருகிப்போன கைக்குழந்தையைக் கொண்டுவந்து அந்தக் கல்லின் மேல் கிடத்தி அழுதாள். பிள்ளை பிழைத்தது, அடைக்கலம் என்று பெயர் வைத்தாள். அந்தக் கடனைத் தீர்க்கிற மாதிரி, பெரிய சாமியைப் புனிதராக அறிவிக்க வைக்கும் வேலையிலேயே அடைக்கலம் தன் ஆயுளைப் போட்டிருந்தார். ரோமிலிருந்து ஒவ்வொரு அனுமதியாக வந்து சேர்ந்தது. இனிமேல் கல்லறையைத் திறந்து, உள்ளே இருப்பது அவர்தான் என்று பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆயரைவிட எலும்பு தெரிந்தவர் அந்தச் சீமையிலேயே கிடையாது என்பதால் வேறு மருத்துவரை யாரும் தேடவில்லை.

கல்லறையைச் சுற்றித் துணி கட்டி மறைத்தார்கள். வெட்டுகிறவர்கள் கல்லைப் புரட்டி, மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வெளியே போனார்கள். உள்ளே ஆயரும் அடைக்கலமும் மட்டும். துணிக்கு அந்தப் பக்கம் ஊரே முழங்காலில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய சாமிக்குப் போர்த்துவதற்கென்று தைத்த பட்டுத் திருவுடையைக் கையில் ஏந்தியபடி அடைக்கலம் நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

ஆயர் குழிக்குள் இறங்கி, சின்ன பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "கண்ணை மூடு" என்றார்.

அது அவருடைய பழைய வகுப்பு வழக்கம். மாணவனைக் கண்ணை மூடச் சொல்லிக் கையில் ஒரு எலும்பைக் கொடுப்பார். கைக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஊகத்துக்கு மதிப்பெண் கிடையாது.

அடைக்கலம் திருவுடையை இடது கையில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே கண்ணை மூடி வலது கையை நீட்டினார்.

"இடுப்பெலும்பு, சார். வலது பக்கம்."

"பின்னால இருக்கிற வளைவுல கட்டைவிரலை வை."

வைத்தார். ஆணின் எலும்பாக இருந்தால் அந்த வளைவு விரலை இறுக்கிப் பிடிக்கும். அடைக்கலத்தின் விரல் அங்கே தாராளமாக அசைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"சொல்லு."

"ஒரு எலும்பை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது, சார்."

"சரிதான்" என்று ஆயர் மற்றதையும் எடுத்துக் கொடுத்தார். மண்டையோடு, தாடை, தொடையெலும்பு. ஒவ்வொன்றும் அதே பதிலைத்தான் சொல்லியது.

"பெண்" என்றார் அடைக்கலம். கண்ணைத் திறக்கவில்லை.

வெளியே செபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ பெரிய சாமி எங்க, சார்?"

"அவர் கேட்ட இடத்துலதான் இருக்கார். சனத்தோட சனமா."

அடைக்கலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மூடிவிடலாம் என்றார். தெரிந்தது இரண்டு பேருக்குத்தான். எலும்பெல்லாம் மக்கிப்போயிற்று என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. வெளியே இருக்கிற சனம் இதைத் தாங்காது.

"சனம் தாங்காதா, நீ தாங்கமாட்டியா?"

அடைக்கலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்கம்மா என்னை இந்தக் கல்லு மேலதான் கிடத்தினா. அப்படின்னா அவ யாருகிட்ட அழுதா, சார்?"

ஆயர் குனிந்து ஒரு சின்ன எலும்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதையும் படி."

அடைக்கலம் விரலால் தடவினார். "கழுத்தெலும்பு. நல்லா தேஞ்சிருக்கு. ஓரமெல்லாம் முள்ளு மாதிரி வளர்ந்திருக்கு."

"வயசானவளா?"

"பல்லு தேயவே இல்ல. சின்ன வயசுதான்."

"அப்புறம் ஏன் கழுத்து இப்படி இருக்கு?"

அடைக்கலத்தின் அம்மா கடைசிக் காலத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தவள். பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு முழுசாகத் திரும்பித்தான் மகனைப் பார்ப்பாள்.

"சுமை தூக்கின கழுத்து" என்றார். அந்த எலும்பை மூடிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆயர் அவரை அழ விட்டார். பிறகு மேலே ஏறி வந்து, அவர் கையிலிருந்த பட்டுத் திருவுடையை வாங்கி, மடித்து, அதைக் கொண்டுவந்த பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார்.

"இது இவளுக்குச் சேராது. வெளியில போயி அம்மாமார்கிட்ட ஒரு சேலை கேளு."

அடைக்கலம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"யாருக்குன்னு கேட்பாங்களே, சார்."

"கேட்கட்டும்."

"நான் என்ன சொல்றது?"

ஆயர் அவர் கையைப் பிரித்து அந்தக் கழுத்தெலும்பை எடுத்தார். மறுபடியும் குழிக்குள் இறங்கி, அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

"பேரு தெரியலன்னு சொல்லு. நிறையத் தூக்கினவள்னு சொல்லு. இன்னைக்கு அவளைத் தூக்க நாலு பேரு வேணும்னு சொல்லு."