சொல்லாமல் விட்ட நீர்க்கோடு

சாரலூற்று என்னும் காட்டு ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு கரிச்சான் குருவியும் மேற்குக் கரையில் நாகணவாய் என்னும் ஒரு மைனாவும் செய்தி கூறும் தொழிலை மேற்கொண்டு வாழ்ந்து வந்தன. கரிச்சானின் பெயர் நெடுவாலன். நாகணவாயின் பெயர் பொன்மூக்கி. வேங்கை எந்தப் புதரில் படுத்திருக்கிறது, எந்த ஓடை வற்றியது, எந்த அத்தி பழுத்தது என்பவற்றை அவை விடியற்காலையில் உரக்கக் கூறும். அதைக் கேட்ட பின்னரே விலங்குகள் மேயப் புறப்படும்.

இத்தொழிலுக்கு ஒரு முறைமை இருந்தது. கண்ணால் கண்டதைக் கூறும்போது பறவை மரத்தின் உச்சிக் கிளையில் அமர வேண்டும். தன் கருத்தைக் கூற விரும்பினால் தாழ்ந்த கிளைக்கு இறங்கிவிட வேண்டும். ஆகவே, பறவை அமர்ந்திருக்கும் கிளையைப் பார்த்தாலே போதும். கேட்பது செய்தியா, கருத்தா என்பது முயற்குட்டிக்கும் விளங்கிவிடும்.

ஓராண்டு கோடை மிகக் கடுமையாயிற்று. ஏரி சுருங்கிக் குட்டையாயிற்று. அந்த ஏரியின் தெற்கு முனையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. மழைக்காலத்தில் மிகுந்த நீர் அதன் வழியே ஓடி மறைந்துவிடும். மழை வருவதற்குள் அந்த இடுக்கை அடைத்துவிட வேண்டும் என்று எருமைகள் கூறின. அடைத்தால் அடுத்த கோடையிலும் ஏரி நிறைந்திருக்கும், உடல் முழுகக் கிடக்கலாம் என்பது அவற்றின் எண்ணம். பன்றிகளோ, அடைக்கவே கூடாது என்று சினந்தன. ஏரி வற்றினால் அல்லவா சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்ன முடியும்?

வழக்கு முற்றியது. இறுதியில், காட்டின் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் கிழநாரை ஒரு வழி கூறியது. அமாவாசையன்று ஒவ்வொருவரும் ஒரு கூழாங்கல்லை மருதமரப் பொந்தில் இட வேண்டும். அடைக்கலாம் என்போர் வெள்ளைக் கல்லையும், வேண்டாம் என்போர் கறுப்புக் கல்லையும் இட வேண்டும். எந்தக் கல் மிகுதியோ, அதன்படி நடக்கும்.

அன்று முதல் காட்டின் அமைதி கெட்டது. மான்கள் வாயில் எடுத்த புல்லை மெல்ல மறந்து நின்றன. அணில்கள் ஒரே கிளையில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று முறைத்தன. உறங்கப் போன கீரி எழுந்து வந்து, எதிர் வளைக்காரன் எந்தக் கல்லைப் பொறுக்கினான் என்று எட்டிப் பார்த்தது.

இந்த நிலையில்தான் செய்திப் பறவைகள் இரண்டும் தடம் மாறின. நெடுவாலன் நாள்தோறும் எருமையின் முதுகில் சவாரி செய்வான். எருமை நடக்கும்போது புல்லிலிருந்து எழும் பூச்சிகளே அவனுக்கு உணவு. பொன்மூக்கியோ பன்றிகளின் பின்னால் நடப்பாள். அவை கிளறும் சேற்றில் நெளியும் புழுக்களே அவளுக்கு விருந்து. ஒருவரும் அவர்களை விலைக்கு வாங்கவில்லை. ஆயினும் தமக்கு உணவு கிடைக்கும் பக்கமே நியாயமான பக்கம் என்று இருவரும் மனமார நம்பிவிட்டார்கள். கருத்தைக் கூறத் தாழ்ந்த கிளைக்கு இறங்குவதையும் மெல்ல நிறுத்திவிட்டார்கள்.

ஏரியின் வடக்கே ஒரு வெள்ளைப் பாறை உண்டு. முற்காலத்தில் மலையிலிருந்து உருண்ட கல்லொன்று தெற்கு இடுக்கைச் சில காலம் தானே அடைத்திருந்ததாம். அப்போது ஏரி எவ்வளவு உயர்ந்ததோ, அந்த அளவில் வெள்ளைப் பாறையின் மேல் ஒரு பழுப்பு நீர்க்கோடு படிந்திருந்தது. வானிலிருந்து நோக்கினால் அக்கோடு தெளிவாகத் தெரியும். கிழக்குக் கரையின் மணல்திட்டு அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்பதும் தெரியும். நெடுவாலன் பறந்து போய்ப் பார்த்தான். பொன்மூக்கியும் பார்த்தாள். இருவருமே கண்டதைக் கூறவில்லை.

அந்த மணல்திட்டில்தான் மந்தகதி என்னும் ஆமை முட்டையிட்டிருந்தாள்.

மந்தகதியின் கவலை பெரிது. ஏரியில் எப்போதும் நீர் நிற்பது அவளுக்கும் நல்லதே. ஆனால் மணல்திட்டு மூழ்கினால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுகள் மூச்சடைத்து இறந்துவிடும். முட்டைகளை எடுத்து வேறிடத்தில் வைப்பதற்கும் வழியில்லை. ஒருமுறை புரண்டுவிட்டால் ஆமை முட்டையில் உயிர் தங்காது. ஆகையால் அவள் அறிய வேண்டியது ஒன்றே ஒன்று. இடுக்கை அடைத்தால் நீர் எதுவரை ஏறும்?

அவள் கரிச்சானின் மரத்தடிக்குப் போய் நின்றாள்.

"தம்பி நெடுவாலா, நீ மேலே பறக்கிறவன். என் மணல்திட்டு வரைக்கும் தண்ணீர் வருமா?"

"மந்தகதி அக்கா, உங்கள் திட்டின் அடிவாரத்தைக்கூடத் தண்ணீர் தொடாது. பன்றிகள் கிளப்பிவிடும் பயம் அது. நிம்மதியாகப் போய் வெள்ளைக் கல்லைப் போடுங்கள்" என்றான் நெடுவாலன்.

அவன் உச்சிக் கிளையில் அமர்ந்திருந்தான். அதை அவள் கவனித்துக்கொண்டாள். ஆயினும் தாய்மனம் அடங்கவில்லை. ஏரியைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனாள். அங்கே சேற்றில் கிடந்த பன்றிகள், எருமைச் சாணியின் வாசம் வருகிறதே, யார் வந்திருப்பது என்று ஏளனம் செய்தன. மந்தகதி அதைப் பொருட்படுத்தாமல் பொன்மூக்கியிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

பொன்மூக்கியும் உச்சிக் கிளையில்தான் இருந்தாள். "திட்டா? குன்றின் உச்சியே மூழ்கப் போகிறது. யானையின் முதுகுக்கு மேலே மீன் நீந்தும். இந்தக் காட்டில் ஒரு புல் மிஞ்சாது, அக்கா!"

மந்தகதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குன்றே மூழ்கினால் உன் கிளையும் மூழ்குமே. நீ எங்கே உட்கார்ந்து செய்தி சொல்வாய்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

வழிநெடுக அவள் யோசித்தாள். இந்தப் பொன்மூக்கி கூசாமல் பொய் சொல்கிறாள். அப்படியானால் நெடுவாலன் கூறியதே உண்மையாக இருக்க வேண்டும். இவ்வாறு அவள் முடிவு செய்தாள். பெரிய பொய்யைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் சிறிய பொய்யை மெய்யென்று ஏற்றுக்கொண்டாள்.

அமாவாசை வந்தது. விலங்குகள் ஒன்றோடொன்று பேசாமல், ஓரக்கண்ணால் பார்த்தபடி வந்து கல்லை இட்டுப் போயின. எல்லாருக்கும் கடைசியாக மந்தகதி வந்து ஒரு வெள்ளைக் கல்லை இட்டாள். கிழநாரை பொந்திலிருந்த கற்களை வெளியே எடுத்து எண்ணியது. பிறகு மீண்டும் ஒருமுறை எண்ணியது. வெள்ளைக் கல் ஒன்றே ஒன்று மிகுதியாக இருந்தது.

எருமைகள் அன்றே பாறைகளை உருட்டி இடுக்கை அடைத்தன. சில நாட்களில் மழையும் இறங்கியது. நீர் ஏறியது. மணல்திட்டின் அடிவாரத்தைத் தொட்டது. அங்கே நிற்கும் என்று மந்தகதி காத்திருந்தாள். அது நிற்கவில்லை. அவள் முன்கால்களால் மணலை வாரி வாரி அணை கோலினாள். அலை வந்து அதைக் கரைத்தது. மீண்டும் வாரினாள். மீண்டும் கரைந்தது.

அவள் எருமைகளின் தலைவனாகிய வன்கழுத்தனிடம் ஓடினாள். ஆமையால் இயன்ற ஓட்டம் அது. ஒரே ஒரு பாறையை மட்டும் நகர்த்தும்படி மன்றாடினாள். வன்கழுத்தன் கொடியவன் அல்லன். அவன் தலைகுனிந்தான்.

"கல் போட்டு முடிவான காரியம், அக்கா. நான் ஒருவன் போய் மாற்ற முடியுமா? நீங்களும் வெள்ளைக் கல்லைத்தானே போட்டீர்கள்?"

மந்தகதி மணல்திட்டை நோக்கி விரைந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் திட்டு மூழ்கிவிட்டது. நீர் பழுப்புக் கோட்டைத் தொட்டதும், அதற்குமேல் ஏறாமல் நின்றுவிட்டது. முட்டைகள் இருந்த இடத்துக்கு நேர் மேலே அவள் காலசைத்தபடி மிதந்துகொண்டே இருந்தாள். நெடுவாலன் உச்சிக் கிளையிலிருந்து, ஏரி நிறைந்தது, காடு மகிழ்ந்தது என்று கூவிக்கொண்டிருந்தான்.

மழை ஓய்ந்த பின் அவள் அவனுடைய மரத்தடிக்கு வந்தாள். பொன்மூக்கியும் அக்கரையிலிருந்து பறந்து வந்து அருகில் அமர்ந்தாள். விலங்குகள் கூடின.

"தண்ணீர் என் திட்டு வரைக்கும் வரும் என்று உனக்குத் தெரியுமா, தம்பி?" என்று மந்தகதி கேட்டாள்.

நெடுவாலன் வாலை ஆட்டினான். பிறகு வாலை அடக்கினான். "தெரியும். வெள்ளைப் பாறையில் கோடு இருக்கிறது."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் கறுப்புக் கல்லைப் போட்டிருப்பீர்கள்."

பொன்மூக்கி குறுக்கிட்டாள். "நான்தான் அன்றைக்கே எச்சரித்தேனே, அக்கா. நீங்கள் கேட்டீர்களா?"

"நீ குன்றின் உச்சி என்றாய். மணல்திட்டின் உச்சி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். கோட்டை நீயும் பார்த்தாய் அல்லவா?"

பொன்மூக்கி அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டாள்.

"எந்தக் கல்லைப் போடுவது என்று நான் உங்கள் இருவரையும் கேட்கவில்லை. தண்ணீர் எதுவரை வரும் என்றுதான் கேட்டேன்" என்றாள் மந்தகதி. அவள் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அங்கு நின்றவர்கள் எவராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் மெல்லத் திரும்பி நீருக்குள் இறங்கிப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் இரு பறவைகளும் வழக்கம்போல் கூவின. எந்த விலங்கும் தலை நிமிர்த்தவில்லை. ஒவ்வொன்றும் தானே புதரை மோந்து பார்த்து, தானே ஓடையை எட்டிப் பார்த்து, அடிக்கொரு தரம் நின்று நின்று, அஞ்சியபடியே மேயப் புறப்பட்டது.

கண்டதைக் கூற வேண்டியவர் தாம் விரும்பும் பக்கம் வெல்வதற்காக அதை மறைத்தாலும் மிகைப்படுத்தினாலும், கேட்டு நம்பியவர் தம் கையாலேயே தமக்குக் கேடு செய்துகொள்வர்.